இரு தந்தையர், ஒரே சட்டம்

கோவில்பட்டியின் கிளைச் சிறையில், ஊரடங்கு நேரம் கடந்தும் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட சாத்தான்குளத்து வியாபாரி ஜெயராஜும், அவரைத் தேடிக் காவல் நிலையம் சென்ற மகன் பென்னிக்ஸும் 2020 ஜூன் 20 அன்று அடைக்கப்பட்டனர். அதற்கு முந்தைய இரவெல்லாம் காவல் நிலையத்தில் அவர்கள் வதைக்கப்பட்டார்கள் என்பது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையின் வாசகம். 22-ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் அதிகாலை தந்தையும் மாண்டனர்.

இனி மற்றொரு தந்தையும் மகனும்: 2024 மே 19 அன்று புனேயில், செல்வந்தரான கட்டுமான அதிபரின் பதினேழு வயது மகன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் உயிரிழக்க, சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதவேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக்கி, சில மணி நேரங்களிலேயே சிறார் நீதி வாரியம் ஜாமீன் வழங்கியது. நாடெங்கும் எழுந்த ஆட்சேபத்துக்குப் பிறகே அவ்வுத்தரவு திருத்தப்பட்டது. மகனின் இரத்த மாதிரிக்குப் பதிலாகத் தாயின் இரத்தம் வைக்கப்பட்டதென்பது போலீஸாரின் குற்றச்சாட்டு. பெற்றோரும் மருத்துவர்களும் கைதாயினர்.

சிறுவனுக்குக் கருணை காட்டியதை நான் குறைகூறவில்லை; சிறார் நீதியின் தர்மமே அதுதான். அக்கருணையில் அணுவளவேனும் கோவில்பட்டிச் சிறைக்கு வந்து சேராததே என் நெஞ்சைச் சுடுகிறது.

பிள்ளை கேட்டதையெல்லாம் கொடுப்பதே வாத்சல்யம் என்றெண்ணும் பெற்றோர் அறியவேண்டிய விதியொன்றுண்டு. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றமிழைத்தால், தமக்குத் தெரியாமல் நடந்ததென்றோ, தடுக்க முயன்றோமென்றோ நிரூபிக்காத பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வாகனத்தின் பதிவு ஓராண்டு ரத்தாகும்.

சாத்தான்குளத்திலோ, தான் பணிபுரிந்த நிலையத்தில் அன்றிரவு கண்டதை, அச்சத்தையும் மீறி, தலைமைக் காவலர் ரேவதி விசாரணை நடுவரிடம் வாக்குமூலமாக அளித்தார்.