எண்பதைத் தாண்டியவர்களுக்கு வயிற்றுச் சத்திரசிகிச்சை

தன்னாமுனையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை தொலைவில் இல்லை. ஆனாலும் குடலிறக்கத்தால் வந்த கவட்டு வீக்கத்தை வருடக்கணக்காகச் சாரத்துக்குள் மறைத்துத் திரியும் அப்பப்பாமார் இந்த வாவிக்கரையில் இருக்கிறார்கள். "இந்த வயசில எனக்கென்ன ஒப்பரேசன்?" என்பார்கள். ஒருநாள் அந்த வீக்கத்துக்குள் குடல் சிக்கி இரத்தோட்டம் நின்றால், சில மணித்தியாலங்களில் குடல் அழுகத் தொடங்கும். பிறகு நடுச்சாமத்தில் அவசரச் சத்திரசிகிச்சைதான். முதியவர்களுக்கு அதன் ஆபத்து, திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு.

பாப்பரசரின் வயிறு

2015 ஜனவரியில் மடுத் திருப்பதிக்கு வந்த பாப்பரசர் பிரான்சிஸுக்கு, 2021 ஜூலையில், 84 வயதில், ரோமின் ஜெமெல்லி வைத்தியசாலையில் பெருங்குடலின் ஒரு பகுதி அகற்றப்பட்டது. 2023 ஜூனில், 86 வயதில், பழைய தழும்பில் உண்டான குடலிறக்கத்துக்காக மறுபடியும் வயிற்றில் சத்திரசிகிச்சை. ஒன்பது நாளில் வெளியேறி, ஓகஸ்டில் லிஸ்பனுக்கே பயணம் போனார். ஆனால் முதல்முறை கொடுத்த மயக்க மருந்தின் பாதிப்பு நீங்கவில்லை என்று சொல்லி, முழங்கால் சத்திரசிகிச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை. அவர் தேறியதையும் மறுத்ததையும் சேர்த்தே நாம் பார்க்க வேண்டும்.

வயதல்ல, தளர்ச்சி

தானாகக் கோயிலுக்கு நடந்துபோகும் 88 வயது அம்மம்மா, கட்டிலோடு கிடக்கும் 75 வயதுக்காரரைவிட நன்றாகத் தேறலாம். இந்தத் தளர்ச்சியை 1 முதல் 9 வரை அளக்க, கனடாவில் உருவான அளவுகோலொன்றை வைத்தியர்கள் பயன்படுத்துகிறார்கள். பலரை வீழ்த்துவது கத்தி பட்ட நாளல்ல, அதற்குப் பிந்திய நாட்கள்: சளிக்காய்ச்சல், சிறுநீரகச் செயலிழப்பு, தைத்த குடலில் கசிவு.

வீட்டார் அதிகம் பயப்படுவது அந்த நாட்களில் நோயாளிக்கு வரும் மனக்குழப்பத்துக்கு. இரவில் சேலைன் குழாயைப் பிடுங்குவார், செத்துப்போன தங்கச்சியைக் கூப்பிடுவார். புத்தி பேதலித்துவிட்டது என்று அழ வேண்டாம். கிருமித்தொற்று, நோவு, சலம் அடைத்தல், மருந்து, நித்திரையின்மை என்று காரணங்கள் உண்டு. தாதியிடம் உடனே சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் போட்டுவிடுங்கள். பழகிய குரல் பக்கத்தில் இருக்கட்டும். பெரும்பாலும் சில நாளில் தெளியும். சிலருக்கு மாதங்கள் எடுக்கும், சிலருக்குப் பழைய ஞாபகம் முழுதாகத் திரும்பாது.

நோவு குறைவென்று இருக்காதீர்கள்

குடலில் ஓட்டை விழுந்தாலும் முதியவருக்குக் காய்ச்சல் இல்லாமலும் நோவு மெல்லியதாகவும் இருக்கலாம். வயிறு ஊதுதல், சத்தி, காற்றும் மலமும் போகாமை, வீக்கம் கல்லாக இறுகுதல், திடீர்த் தடுமாற்றம் கண்டால் பேதி மருந்து கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

என்ன கேட்பது?

கிளினிக் கொப்பியையும் எல்லாக் குளிசைகளையும் கொண்டுபோங்கள். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் குளிசையைக் கட்டாயம் சொல்லுங்கள். பிழைப்பாரா என்பதோடு நிற்காமல், பிறகு தானாக எழுந்து நடப்பாரா, வெட்டாமல் விட்டால் என்ன ஆகும், நோவை மட்டும் தணிக்க வழியுண்டா என்றும் கேளுங்கள். பிள்ளைகள் வராந்தாவில் கூடி முடிவெடுக்கையில், அம்மா உள்ளே கண்ணை விழித்துக்கொண்டு படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.