தபாலில் வந்த தாமரை



நம் சங்கரன்கோவிலில் மல்லிகைக்குப் பஞ்சமில்லை. தாமரை என்றாலோ, குமரி மாவட்டத்துக் குளங்களையும் தோவாளைப் பூச்சந்தையையும்தான் நினைக்க வேண்டும். என் ஆச்சி சிறுமியாக இருந்தபோது தாமரைக் குளத்தில் குளித்தவர்கள். அக்குளம் இன்று வறண்டு கிடக்கிறது. "ஒரு தாமரை விரிவதை இன்னொரு தரம் பார்க்கணும்" என்று அவர்கள் சொன்னதால், புறவாசலில் அப்பா ஒரு சிறிய சிமெண்டுக் குளம் கட்டித் தந்தார். கிழங்கு வாங்கியது என் உண்டியல் பணமான 350 ரூபாயில்.

கேரளத்தில் பெண்கள் பலர் வீட்டுத் தொட்டிகளில் தாமரை வளர்த்துக் கிழங்கைப் பார்சலில் அனுப்புகிறார்கள். எனக்கு முதலில் வந்த பார்சலோ வெள்ளிக்கிழமை புறப்பட்டு, செவ்வாயன்றுதான் கிடைத்தது. பிரித்தால் கிழங்கு கறுத்து, நுனி முறிந்திருந்தது. நான் அழுதேவிட்டேன்.

நுனி முறிந்தால் என்ன என்று கேட்பீர்கள். தாமரைக் கிழங்கு வேர் அன்று; சேற்றுக்குள் படுத்து வளரும் தண்டு. கணுவிலும் நுனியிலும் உள்ள குருத்திலிருந்தே இலை வரும். உள்ளே நீளவாட்டில் காற்றுக் குழாய்கள் உண்டு. முறிந்த வாய் வழியே நீர் புகுந்தால் கிழங்கு அழுகிவிடும். ஆகவே, குருத்துத் தெரியும் படம் கேட்டு வாங்குங்கள். ஈரக் காகிதத்தில் சுற்றி, திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள்.

சிலர் அல்லியைத் தாமரை என்று விற்றுவிடுவதும் உண்டு. அல்லி இலையில் காம்புவரை ஒரு பிளவு இருக்கும். தாமரை இலை பிளவில்லாத வட்டம். வளர்ந்தபின் நீருக்கு மேலே எழுந்து நிற்கும்.

விதையும் தபாலில் கிடைக்கும். அதன் ஆயுள் வியப்பானது! ஜப்பானில் 1951-இல் டாக்டர் ஓகா இச்சிரோ தோண்டியெடுத்த, ஏறத்தாழ 2000 ஆண்டு பழமையான விதை ஒன்று முளைத்து, 1952-இல் பூத்தது. தோடு மிகக் கடினமாதலால், உள்ளே வெளிறித் தெரியும்வரை உப்புத்தாளில் தேய்த்துத்தான் ஊறவைக்க வேண்டும். ஆனால் விதைச்செடி தாய்ப்பூவைப்போலவே பூக்கும் என்பதற்கு உறுதியில்லை. கிழங்கில் அந்த ஐயமில்லை.

இரண்டாம் கிழங்கு தை மாதம் நலமாக வந்தது. ஓட்டையில்லாத அகன்ற தொட்டியில் குழைத்த கரிசல் மண்ணை இட்டு, கிழங்கைப் படுக்கவைத்து, குருத்தை மட்டும் வெளியே விட்டேன். மேலே நான்கு விரல் நீர். நிமிர்ந்த இலைகள் வந்தபிறகே உரமிட வேண்டும். அவசரப்பட்டால் இளங்குருத்து கருகிவிடும். வெயில் நாளுக்கு 6 மணி நேரமாவது வேண்டும். நம் ஊரில் அதற்கென்ன குறை? செடி தேறியதும் தொட்டியோடு குளத்தில் இறக்கினோம். கொசுவுக்குக் கப்பி மீன்கள் விட்டோம்.

சித்திரையில் ஒரு நாள் காலை ஆச்சி என்னை உலுக்கி எழுப்பினார்கள். பூ விரிந்திருந்தது. நண்பகலுக்குப் பின் கூம்பி, மறுநாள் மீண்டும் விரிந்தது. நான்காம் நாள் இதழ்கள் உதிர்ந்தன. பொகுட்டு முற்றியதும் ஆச்சி பதினோரு விதைகளை எடுத்து டப்பாவில் வைத்திருக்கிறார்கள். வேண்டுவோர் என்னிடம் கேட்கலாம். உப்புத்தாள் மட்டும் நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.