காரை நிறுத்தும்போது எது முதலில்? மூக்கா, முதுகா?

கல்யாண மண்டபங்களில் அடிக்கடி காணும் காட்சி இது.

முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. ஒரு கார் அவசரமாக உள்ளே வருகிறது. இரண்டு கார்களுக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருக்கிறது. ஓட்டி வந்தவர் நேராக அதற்குள் காரை விடப் பார்க்கிறார். காவலாளி ஓடி வருகிறார்.

"சார், திருப்பிப் போடுங்க! ரிவர்சில் வாங்க. போகும்போது சுலபமா இருக்கும்."

பட்டுப் புடவையுடன் உட்கார்ந்திருக்கும் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அதெல்லாம் வேண்டாங்க. நேரா விடுங்க. தாலி கட்டி முடிஞ்சிடும்!"

யார் சொல்வது சரி? காவலாளியா? மனைவியா?

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால், இது வெறும் வசதி பற்றிய வழக்கு அல்ல. சில சமயம் உயிர் பற்றிய வழக்கு!

கட்டியே தீர வேண்டிய கடன்

சுவரை ஒட்டிய இடத்தில் காரை நிறுத்துகிறவர் ஒரு முறை பின்னால் ஓட்டித்தான் ஆக வேண்டும். வரும்போது நேராக விட்டால், போகும்போது பின்னால் எடுக்க வேண்டும். வரும்போது பின்னால் விட்டால், போகும்போது நேராகப் போகலாம்.

அது ஒரு கடன் மாதிரி. இன்று கட்டாவிட்டால் நாளை கட்ட வேண்டும். எப்போது கட்டுவது நல்லது என்பதுதான் கேள்வி.

உள்ளே வருகிறவர், நிறுத்தப் போகும் இடத்தை அப்போதுதான் பார்த்துக்கொண்டு வருகிறார். அங்கே கல் இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, ஆள் நிற்கிறாரா என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலி இடத்தில் எதிரே வேறு கார் வரப்போவது இல்லை.

வெளியே போகும்போது கதை வேறு. கார் நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. பக்கத்தில் பெரிய வண்டி ஒன்று வந்து நின்று பார்வையை மறைக்கும். பின்பக்கப் பாதையிலோ கார்களும், ஸ்கூட்டர்களும், நடப்பவர்களும் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் நடுவே குருட்டுத்தனமாக முதுகை நீட்ட வேண்டும்!

காவலாளி சொல்வதன் பொருள் இதுதான்.

சக்கரத்தின் சூட்சுமம்

இன்னொரு காரணமும் உண்டு. அது சக்கரத்தில் இருக்கிறது.

"முன் ஏர் போன வழியே பின் ஏர் போகும்" என்பது பழமொழி. காரில் அப்படி அல்ல. கார் வளையும்போது முன் சக்கரம் அகலமாகச் சுற்றி வரும். பின் சக்கரம் குறுக்கு வழியாக, உள்பக்கம் ஒட்டி வரும். ஆகவே, நேராக நுழையும்போது மூக்கு உள்ளே போய்விடும். ஆனால், கார் முழுவதும் நேராவதற்குள் அதன் விலாப்புறம் பக்கத்துக் காரை உரசிவிடும்.

ஒரு காருக்குச் சாதாரணமாக 2½ மீட்டர் அகலமும், 5 மீட்டர் நீளமும் உள்ள இடம் ஒதுக்குவார்கள். இந்தச் சிறு இடத்தில் நேராக நுழைய, எதிரே அகலமான பாதை வேண்டும்.

பின்னால் நுழையும்போது இந்தத் தொல்லை குறைவு. திரும்பாத பின் சக்கரங்கள் முதலில் இடத்துக்குள் போய்விடுகின்றன. திரும்பக்கூடிய முன் சக்கரங்கள் வெளியே, பாதையில் இருக்கின்றன. அங்கே இருந்தபடி மூக்கை இப்படியும் அப்படியும் ஆட்டி, காரை நேராக்கிவிடலாம். படகின் பின்னால் சுக்கான் இருப்பதுபோல!

ஜப்பானில் எப்படி?

ஜப்பான் நாட்டில் பெரும்பாலோர் காரைப் பின்பக்கமாகவே நிறுத்துகிறார்கள். அங்கே தெருக்கள் குறுகல். இடமும் குறைவு.

கார் நிறுத்த இடம் வேண்டும் என்பதற்கு அங்கே 1962-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். கார் வாங்குகிறவர், வீட்டில் இருந்து 2 கிலோ மீட்டருக்குள் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டி, போலீசாரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். சிறிய ரகக் கார்களுக்குச் சில ஊர்களில் விலக்கு உண்டு.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். அங்கே இடத்துக்குப் பஞ்சம் இல்லை. 2015-ம் ஆண்டில் அந்நாட்டு மோட்டார் சங்கம் ஒரு கணக்கு எடுத்தது. நூற்றுக்கு 76 பேர் நேராகவே காரை விடுகிறார்கள் என்று தெரிந்தது. "பின்னால் விடுங்கள், அதுதான் பத்திரம்" என்று சங்கம் யோசனை கூறியது.

கைக்கண்ணாடி

பின்னால் பார்ப்பது ஆரம்பத்தில் இருந்தே கார் ஓட்டுகிறவர்களுக்குப் பெரிய பாடாக இருந்தது. 1909-ம் ஆண்டில் இங்கிலாந்துப் பெண் டோரதி லெவிட், பெண்கள் கார் ஓட்டுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காரில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவதைப் பார்க்க உதவும் என்று அதில் கூறினார். 1911-ம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ரே ஹாரூன் என்ற வீரர் காரில் கண்ணாடி பொருத்தி ஓட்டினார். அவரே வெற்றி பெற்றார்!

இன்று எல்லாக் காரிலும் கண்ணாடி இருக்கிறது. ஆனாலும், கண்ணாடிக்குத் தெரியாத இடம் ஒன்று உண்டு. அது காரின் முதுகுக்கு மிக அருகில், தரையோடு தரையாக இருக்கும் இடம்.

அந்த இடத்தில்தான் குழந்தை நிற்கும்.

பிஞ்சு உயிர்கள்

அமெரிக்க அரசாங்கம் 2014-ல் வெளியிட்ட கணக்கு நெஞ்சைப் பதற வைக்கிறது. பின்னால் வரும் வண்டியில் அடிபட்டு அங்கே ஆண்டுக்குச் சராசரி 210 பேர் இறந்தார்கள். சுமார் 15 ஆயிரம் பேர் காயம் அடைந்தார்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 31 பேர் 5 வயதுகூட ஆகாத குழந்தைகள்! நூற்றுக்கு 26 பேர் 70 வயதும் அதற்கு மேலும் ஆன முதியவர்கள்.

குழந்தை மடிந்த பல விபத்துக்களில் காரை ஓட்டியவர் யார்? அந்தக் குழந்தையின் தந்தை, அல்லது தாய், அல்லது உறவினர். நடந்த இடம், சொந்த வீட்டு வாசல்.

2008-ம் ஆண்டில் இதற்காக அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2018 மே 1-ந் தேதி முதல் அங்கே விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் காமிரா கட்டாயம் ஆயிற்று. இந்தியாவில் 2019 ஜூலை 1-ந் தேதி முதல், பின்னால் ஏதாவது இருந்தால் ஒலி எழுப்பி எச்சரிக்கும் கருவி புதிய கார்களுக்குக் கட்டாயம் ஆயிற்று.

ஆனால், கருவி கண்ணுக்குத் துணைதான். கண்ணுக்குப் பதில் ஆகாது. காமிராவில் சேறு படியும். ஓடிவரும் குழந்தை கருவியைவிட வேகமாக வரும்.

நேராக விட வேண்டிய இடங்கள்

அப்படியானால் எங்கேயும் பின்பக்கமாகவே விட வேண்டுமா? இல்லை.

சாய்வாகக் கோடு போட்ட இடங்கள் உண்டு. அவை பெரும்பாலும் நேராக நுழைவதற்கு என்றே போடப்பட்டவை. அங்கே பின்னால் விட முயன்றால், ஒரு வழிப்பாதையில் எதிர்த்து வர நேரிடும்.

சுவருக்கு அப்பால் வீட்டு ஜன்னல் இருந்தால், பின்பக்கமாக விடும் காரின் புகை அந்த வீட்டுக்குள் போகும். இதனால் ஜப்பானிலேயே சில இடங்களில் "முன்பக்கமாக நிறுத்தவும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் காரின் பின்பக்கம் மட்டுமே நம்பர் பலகை. அது மறைந்துவிடும் என்பதால், அங்கே சில கல்லூரிகளில் பின்பக்கமாக நிறுத்தத் தடை உண்டு.

மளிகை மூட்டையைப் பின் டிக்கியில் ஏற்ற வேண்டியவருக்கும், முதுகு சுவரை ஒட்டி நின்றால் தொல்லைதான். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது, பழக்கம் இல்லாதவர் பதறிப்போய்ப் பின்னால் எடுப்பதும் நல்லது அல்ல.

வீட்டில் கவனம்

மண்டபத்தில் காவலாளி சொல்வதைக் கேட்கலாம். வீட்டு வாசலில் காவலாளி யார்? வீட்டில் இருப்பவர்கள்தான்.

"அப்பா வந்தாச்சு!" என்று குழந்தை ஓடிவருவது காரின் சத்தம் கேட்டுத்தான். ஆகவே, காரைப் பின்னால் விடும் வீட்டில், கார் வரும்போது பெரியவர் ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நேராக விடும் வீட்டில், கார் புறப்படும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் ஏறும் முன்பு காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். குழந்தை எங்கே என்று கேட்டு, பதில் வந்த பிறகே காரை நகர்த்த வேண்டும்.

மண்டபத்தில் அந்தத் தம்பதி என்ன செய்யலாம்? அதற்கும் வழி உண்டு. மனைவியும் குழந்தைகளும் வாசலிலேயே இறங்கி உள்ளே போகட்டும். தாலி கட்டுவதைப் பார்க்கட்டும். கணவர் காவலாளி சொல்கிறபடி நிதானமாகக் காரைத் திருப்பிப் போடட்டும்.

பந்தி முடிந்து, தாம்பூலப் பையுடன், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது, கார் வெளிவாசலைப் பார்த்தபடி நிற்கும்!