‘அனைவரும் தப்பினர்’ என்று அச்சடித்த பத்திரிகைகள்

டைட்டானிக் என்றதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்தத் திரைப்படக் காதலர்களைத்தான் சொல்வார்கள். நான் சொல்ல வருவது படக்கதையல்ல. அந்தக் கப்பல் மூழ்கியதைப் பத்திரிகைகள் செய்தியாக்கிய கதை.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் தேதி இரவு 11.40க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. விடிவதற்கு முன்பே, 2.20 மணிக்கு, அட்லாண்டிக் கடலில் மூழ்கிவிட்டது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டார்கள். ஆனால் அன்று மாலை நியூயார்க்கில் விற்பனையான ‘ஈவினிங் சன்’ என்ன போட்டது தெரியுமா? டைட்டானிக்கில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று! வேறொரு கப்பல் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்குப் போகிறதாம். மறுநாள் லண்டன் ‘டெய்லி மெயில்’, கப்பல் மூழ்கியது, உயிர்ச்சேதம் இல்லை என்றது.

இந்தப் பொய் எங்கிருந்து வந்தது? கம்பியில்லாத் தந்தி அப்போது புதிது. பயணிகள் எல்லாரும் நலமா என்று ஒருவர் கேட்ட கேள்வியும், பழுதான ஓர் எண்ணெய்க் கப்பலை இழுத்து வருகிறோம் என்று வேறொரு கப்பல் அனுப்பிய தந்தியும் கலந்து ஒரே செய்தியாகிவிட்டன என்று பின்னால் விளக்கம் சொன்னார்கள். பிரட்டுக் களத்தில் ஒருவர் சொன்னது லயத்துக்கு வந்து சேர்வதற்குள் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆனால் அந்தப் பேச்சை யாரும் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் காசுக்கு விற்பதில்லை. கப்பல் நிறுவனத்தின் நியூயார்க் அதிகாரி வேறு, இது மூழ்காத கப்பல் என்று அன்று காலையில் நிருபர்களிடம் உறுதியாகச் சொன்னார். கேட்டதை அப்படியே போட்டார்கள்.

அதை நம்பியவர்களை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், எடுபிடி வேலை செய்தவர்கள் எனக் கப்பல் தொழிலாளர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் குடியிருந்தவர்கள். அவர்களுடைய மனைவிமார் நிறுவன அலுவலக வாசலில் நாள்கணக்கில் காத்து நின்றார்கள். பெயர்ப் பட்டியல் ஒட்டப்பட்ட பிறகுதான் தெரிந்தது, அந்த ஓர் ஊரில் மட்டும் 500 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்று.

உண்மையை முந்திச் சொன்ன ‘நியூயார்க் டைம்ஸ்’கூட, ஏப்ரல் 16ஆம் தேதித் தலைப்பில் கோடீசுவரர் ஆஸ்டரின் மனைவியைக் குறிப்பிட்டு, புகழ்பெற்ற பெயர்கள் பலவற்றைக் காணவில்லை என்று போட்டது. பெயரில்லாதவர்கள் எண்ணிக்கையில் அடங்கிவிட்டார்கள்! நம் பாட்டன் பாட்டிமார் மூட்டை முடிச்சோடு கப்பல் தட்டில் படுத்து மலாயாவுக்கு வந்தார்களே, அதுபோலப் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் புறப்பட்ட ஏறத்தாழ 700 பேர் டைட்டானிக்கின் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். நான்கில் ஒருவர்தான் பிழைத்தார். முதல் வகுப்புக் குழந்தைகளில் ஒன்றைத் தவிர எல்லாம் கரை சேர்ந்தன. மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் மூன்றில் ஒன்றுதான் மிஞ்சியது. பெண்களும் குழந்தைகளும் முதலில் என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்த ஏடுகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. பிரிட்டிஷ் விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவரைக்கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. அவர்கள் சார்பில் ஒரு வழக்கறிஞர் வந்து பேசிவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

அது பழைய காலம் என்கிறீர்களா? 2023ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் தேதி, கடலடியில் கிடக்கும் அதே டைட்டானிக்கைப் பார்க்க 5 பேர் ‘டைட்டன்’ என்ற சிறு நீர்மூழ்கியில் இறங்கினார்கள். ஓர் இருக்கை 2,50,000 அமெரிக்க டாலர். அது காணாமல் போனதும் உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம், உள்ளே இன்னும் இத்தனை மணி நேரத்துக்குக் காற்று இருக்கிறது என்று நான்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தன. அது நொறுங்கியது போன்ற ஓசையை அமெரிக்கக் கடற்படையின் கருவிகள் முதல் நாளே பதிவு செய்திருந்தன என்பது பின்னால்தான் வெளிவந்தது.

அதற்கு நான்கு நாள் முன்பு, ஜூன் 14ஆம் தேதி, கிரேக்க நாட்டின் பைலோஸ் ஊருக்கு அப்பால் ஒரு மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்திருந்தது. பாகிஸ்தான், எகிப்து, சிரியா நாடுகளிலிருந்து பிழைக்கப் புறப்பட்ட ஏறத்தாழ 750 பேரை அதில் அடைத்திருந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அடித்தட்டில் இருந்ததாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். டைட்டன் செய்தி வந்ததும் இந்தச் செய்தி பின்னுக்குப் போய்விட்டது. உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 104 பேர். அவர்களில் ஒரு பெண்கூட இல்லை.