கடைசி வரிசைக்குப் போகும் மைக்: உங்களுக்குத் தெரியுமா?

● உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் குடவோலைத் தேர்தல் விதிகள் வெட்டப்பட்டிருப்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தவை, கி.பி. 919, 921 என இரண்டு கல்வெட்டுகள். ஓலையைக் குடத்திலிருந்து எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்பது பாடத்தில் வருவதில்லை. விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, அதை உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். அதோடு முடிந்துவிடாது. அங்கே இருக்கும் நம்பிமார் (கோயில் பூசாரிகள்) அத்தனை பேரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும். விரித்த விரல் கண்ணுக்குச் சாட்சி, பலர் வாசிப்பது காதுக்குச் சாட்சி. சபையில் சொன்னது சபைக்குக் கேட்டாக வேண்டும் என்று 1,100 ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது.

● உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. சுற்றியுள்ள ஊராட்சிகளில்தான் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு ஆண்டுக்கு நான்காக இருந்தது, இப்போது ஆறு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் குறைந்தது 50 பேர் வந்திருக்க வேண்டும். 3,000 வரை என்றால் 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. நூறு பேர் ஷாமியானாவுக்குக் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால், வயர் மைக் மேசையோடு நின்றுவிடும். கடைசி வரிசை வரைக்கும் நடந்து போகக்கூடியது கார்ட்லெஸ் மைக் ஒன்றுதான்.

● 921-ஆம் ஆண்டு விதிப்படி குடத்தில் பெயர் போட வேண்டுமானால் வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கிராம சபையில் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து பேசலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் என்று சட்டம் திருத்தப்பட்டது 2016-இல். வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம் என்பதால், கிராம சபையில் மைக் போய்ச் சேரும் கை, பெரும்பாலும் வாழ்நாளில் முதல்முறையாக மைக்கைப் பிடிக்கும் கை. அந்தக் கைக்கு ஏற்றபடி மைக்கைத் தயார் செய்வதுதான் மைக்செட்காரரின் வேலை. மேடையில் பேசிப் பழகியவருக்கு எந்த மைக்கும் போதும்.

● கையில் பிடிக்கும் கார்ட்லெஸ் மைக் ஒரு குட்டி வானொலி நிலையம். தலைப்பகுதியில் குரலை மின்சாரமாக்கும் கேப்சூல், நடுவில் பேட்டரி, அடிப்பகுதியில் ஆன்டெனா. வெளியே நீட்டிக்கொண்டிருக்காததால் ஆன்டெனா இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. மைக்கின் வாலை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால் ஒலிபரப்பையே பொத்திவிடுகிறோம்.

● தலையைப் பொத்தினால் இன்னொரு வம்பு. பெரும்பாலான கைமைக்குகள் முன்னால் வரும் ஒலியை நன்றாக வாங்கும், பின்னால் வருவதை ஒதுக்கும். அப்படி ஒதுக்குவதற்கு வலையின் பின்புறத் துவாரங்கள் திறந்திருக்க வேண்டும். சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் பார்த்துவிட்டு வலையை முஷ்டியில் மூடிப் பிடித்தால் அந்தக் குணம் போய்விடும்; மைக் நாலாபக்கமும் கேட்கத் தொடங்கி, ஸ்பீக்கர் கூவ ஆரம்பிக்கும். பிடிக்க வேண்டிய இடம் நடு உடம்பு, அவ்வளவுதான்.

● வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி இரட்டித்தால் மைக்குக்குப் போய்ச் சேரும் ஒலியழுத்தம் பாதியாகிறது. கணக்கில் 6 டெசிபல். மூன்று விரற்கடை தூரத்தில் இருந்த மைக் மார்புக்கு இறங்கினால், வாய்க்கும் அதற்கும் ஒரு சாணுக்கு மேல் இடைவெளி. குரலில் பெரும்பகுதி வழியிலேயே தொலைந்துபோகும். அதை ஈடுகட்ட ஆம்ப்பில் வால்யூமைத் திருகுவார்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மைக்குக்குள் நுழைந்து, பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கர் வழியாக வந்து மறுபடி மைக்குக்குள் நுழையும். அந்தச் சுற்றுத்தான் நாம் காதைப் பொத்திக்கொள்ளும் கீச்சொலி.

● உத்திரமேரூர் ஒன்றியத்தில், பெயர் வேண்டாம், ஒரு கிராமம். அக்டோபர் 2. பள்ளிக்கூட மைதானத்தில் வேப்பமரத்தடியில் சபை. வரவு செலவு வாசித்து முடித்ததும் மைக் கூட்டத்துக்குள் போனது. பின்வரிசையில் நூறு நாள் வேலைக்குப் போகும் ஆயா ஒருவர் எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் வாங்கி, டார்ச் லைட்டைப் பிடிப்பதுபோல இடுப்புக்கு நேரே தலைவரைப் பார்த்து நீட்டினார். வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். ஆயா பாதியிலேயே நிறுத்தி, மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுக்கப் போனார். மைக்செட் பையன் எழுந்து ஓடினான். "ஆயா, வாயாண்ட வச்சுப் பேசு. கீழ எறக்காத. நான் இங்கியே நிக்கிறேன்" என்று அவர் முழங்கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டான். "எங்க தெருவுக்குத் தண்ணி வந்து பத்து நாள் ஆவுது" என்ற குரல் கூம்பு ஸ்பீக்கரில் வந்தபோது ஆயாவே ஒரு கணம் திடுக்கிட்டு நிறுத்திவிட்டார். பிறகு எந்தக் குழாய், யார் திறப்பது, எத்தனை குடம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். செயலர் எழுதிக்கொண்டார். அந்தப் பையன் முழங்கையைத் தாங்கிய ஒரு நிமிடத்தை நான் எந்த ஒலிப்பதிவுக் கூடத்திலும் பார்த்ததில்லை.

● 'ஹலோ மைக் டெஸ்டிங் ஒன் டூ த்ரீ' சொல்பவர் எப்போதும் மைக்செட்காரர்தான். அவருக்குத் தொழில்குரல், அதற்கேற்ப அளவு வைத்தால் மெல்லிய குரலுக்கு மைக் பத்தாது. கூட்டத்தில் இருப்பதிலேயே சன்னமான குரல்காரரைக் கூப்பிட்டுப் பேசவைத்து அளவு பார்ப்பதுதான் சரியான டெஸ்டிங். மைக்கை ஊதிப் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். ஊதினால் எச்சில் ஈரம் வலைக்குள் போகிறது, தட்டினால் கேப்சூலுக்கு அடி.

● சமைக்கும்போது அடுப்பைப் பற்றவைத்துவிட்டா காய் நறுக்குகிறோம்? மைக்செட்டுக்கும் வரிசை உண்டு. முதலில் ரிசீவர் (மைக் அனுப்பும் அலையை வாங்கும் பெட்டி), அடுத்து மைக், கடைசியில்தான் ஆம்ப், அதுவும் வால்யூமைக் குறைத்துவைத்து. நிறுத்தும்போது தலைகீழ்: ஆம்ப் முதலில் அணைய வேண்டும். வரிசை மாறினால் 'டொம்' என்று ஒரு சத்தம். ஸ்பீக்கர் காயிலுக்கு அது நல்லதல்ல, முன்வரிசையில் தூங்கும் குழந்தைக்கும்தான்.

● புதிய ரிசீவர்களில் 'ஸ்கேன்' பட்டன் இருக்கும். அழுத்தினால் காலியாக உள்ள அலைவரிசையை அதுவே தேடித் தரும். அப்போது உங்கள் மைக் அணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சொந்த மைக்கையே அந்நியன் என்று எண்ணி அந்த இடத்தைத் தள்ளிவைத்துவிடும். பிறகு மைக்கில் உள்ள சின்னக் கண்ணை ரிசீவரின் கண்ணுக்கு நேரே காட்டி 'சிங்க்' அழுத்தினால் இரண்டும் ஒரே அலைவரிசைக்கு வந்துவிடும். டிவி ரிமோட்டில் வேலை செய்யும் அதே அகச்சிவப்பு ஒளிதான் இங்கும்.

● ஒரே அலைவரிசையில் இரண்டு மைக்குகள் ஒரே நேரத்தில் வேலை செய்யாது.

● மூன்று மைக் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 600, 601, 602 மெகாஹெர்ட்ஸ் என்று சம இடைவெளியில் அடுக்கினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் 601-இன் இருமடங்கிலிருந்து 600-ஐக் கழித்தால் 602 வருகிறது. முதல் இரண்டு மைக்கின் கலப்பு, மூன்றாவது மைக் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே வந்து விழும். இடைவெளிகள் சமமாக இருக்கக் கூடாது. ரிசீவரில் 'குரூப்' என்று போட்டிருப்பது இந்தக் கணக்கை முன்கூட்டியே செய்துவைத்த பட்டியல்தான். ஆகவே எல்லா மைக்குகளையும் ஒரே குரூப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

● மலிவாகக் கிடைக்கிறதே என்று வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மைக் வாங்குபவர்கள் அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் மைக்குகளை 2010 ஜூன் 12-க்குப் பிறகு பயன்படுத்தத் தடை. இந்தியாவிலும் 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஜியோ வாங்கியது, 5ஜி சேவைக்கு. கைப்பேசிக் கோபுரத்தோடு போட்டிபோட்டு மைக் ஜெயிக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மைக்குக்கு இங்கே தனி உரிமம் தேவையில்லை. ஆனால் வைஃபையும் ப்ளூடூத்தும் அதே வீதியில்தான் குடியிருக்கின்றன. மேசையில் யாராவது ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால், ரிசீவரிலிருந்து தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

● மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் ரேடியோ அலையை விழுங்கும். காலையில் காலி மைதானத்தில் கணீரென்று கேட்ட மைக், கூட்டம் சேர்ந்ததும் விட்டுவிட்டுக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ரிசீவரை மேசைக்கடியில் ஆம்ப்போடு அடுக்கிவைக்காமல், நிற்கும் ஆளின் தலைக்கு மேல் உயரத்தில் வைத்தால், மைக்குக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஆள் மறைப்பு குறையும். இரண்டு ஆன்டெனாவையும் 'வி' வடிவில் விரித்துவிட வேண்டும். ஒன்றுக்கு அலை சரியாக எட்டாத நொடியில் இன்னொன்றுக்கு எட்டும். ரிசீவர் நல்லதைத் தேர்ந்துகொள்ளும்.

● ஆன்டெனாவின் நீளம் கண்டபடி வைத்ததல்ல. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு பன்னிரண்டரை. முறிந்துபோன ஆன்டெனாவுக்குப் பதில் கையில் கிடைத்த கம்பியைச் சொருகினால் தூரம் குறைந்துவிடும்.

● அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 'வேகபாண்ட்' என்ற கார்ட்லெஸ் மைக்கை 1953-இல் கொண்டுவந்தது. காதுகேட்கும் கருவிக்கான இரண்டு பேட்டரியில் இயங்கியது. ரிசீவரிலிருந்து சுமார் 15 அடி தூரம்தான் எட்டும். வேகபாண்ட் என்றால் நாடோடி. 15 அடி நாடோடி.

● சுதந்திரப் போராட்டக் காலப் புகைப்படங்களில் தலைவர்களுக்கு முன்னால் இருக்கும் மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் சிகாகோ. நடத்தியது மோட்வானே என்ற சிந்திக் குடும்பம். நம்மூர் மைக்செட்காரர்கள் வாயில் அதிகம் புழங்கும் பெயர் அகுஜா; அது டெல்லிக் கம்பெனி.

● பாரதக் கூத்துக்கு இந்தக் கைமைக் ஒத்துவராது. கையில் ஆயுதம், தோளிலும் தலையிலும் கட்டை அணிகள், இடையில் கிறுகிறுவென்று சுற்றும் ஆட்டம். அதனால் கூத்து மேடையில் மைக்கை மேலிருந்து தொங்கவிடுவதுண்டு. நடிகர் பாட வேண்டிய இடத்தில் அதன்கீழே வந்து நிற்பார். மைக் ஆளைத் தேடிப் போகாமல் ஆள் மைக்கைத் தேடி வரும் ஏற்பாடு.

● ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியின் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. கூம்பு ஸ்பீக்கரை ஊருக்கு மேலே திருப்பிவைப்பதைவிட, கூட்டத்தைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சாய்த்துவைத்தால் குறைந்த வால்யூமிலேயே கேட்கும். ஸ்பீக்கர் எப்போதும் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும். கூட்டத்துக்குள் கார்ட்லெஸ் போகும்போது இந்த விதி உடைந்துவிடுகிறது, ஏனென்றால் பேசுபவரே ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது அவரைத் தலைவரைப் பார்த்து நிற்கவிட்டு, பக்கத்து ஸ்பீக்கரின் அளவை மட்டும் கொஞ்சம் இறக்குவது அனுபவசாலிகள் வழக்கம்.

● பென்சில் பேட்டரி எல்லாம் ஒன்றல்ல. ஆல்கலைன் ஒன்றின் அழுத்தம் 1.5 வோல்ட். சார்ஜ் செய்யும் நிக்கல் வகை 1.2 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தாலும் சில மைக்குகள் அதைப் பாதி தீர்ந்ததாகக் காட்டும். இரண்டு வகையையும் ஒரே மைக்கில் கலக்கக் கூடாது. அவசரத்துக்குச் சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போடுவார்கள். கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், மைக் மடமடவென்று குடிக்கும். கடிகாரத்தில் இன்னும் ஆறு மாதம் ஓடியிருக்கக்கூடிய மலிவு பேட்டரி, மைக்கில் தீர்மானம் வாசிக்கும் நேரத்தில் நின்றுபோகும். தீர்மானம் தொடங்குமுன் புதுப் பேட்டரி போட்டுவிடுவது நல்லது, கூட்டம் பாதியில் இருந்தாலும் பரவாயில்லை.

● ஆறு கிராம சபைகளுக்கு இடையிலான இடைவெளிகளில் மிக நீண்டது மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் நடுவே: 106 நாட்கள், அதுவும் கத்திரி வெயிலோடு தொடங்கும் நாட்கள். ஊராட்சி மைக் அத்தனை நாளும் பீரோவில் கிடக்கும். உள்ளேயே விட்ட பேட்டரி கசிந்து, சுருள்கம்பியில் வெள்ளையாகப் பூத்து, சுதந்திர தினக் காலையில் மைக் உயிர்பெறாது. மே 1 கூட்டம் கலைந்ததுமே பேட்டரிகளைக் கழற்றி, வலையைத் திருகி எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, மறுபடி பூட்டி உறையில் போட்டுவிடுங்கள்.