எண்ணெய் ஒழுகுவது எங்கே? பவுடர் காட்டிக் கொடுக்கும்!

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போவதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் அது. அப்போதுதான் பல படகுகளின் எஞ்சின்களைக் கழற்றிப் பழுது பார்க்கிறார்கள்.

புதுப்பித்த எஞ்சினைப் பூட்டி ஓட்டிப் பார்க்கும்போது, சில சமயம் அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விழும். படகுக்காரருக்குப் பகீர் என்கிறது. கடன் வாங்கிச் செய்த வேலை ஆயிற்றே!

உடனே எஞ்சினை மறுபடி கழற்றக் கூடாது. சொட்டும் இடம் வேறு. கசியும் இடம் வேறு. மேலே கசியும் எண்ணெய் வழிந்து வந்து கீழே சொட்டும்.

எஞ்சின் ஆறியதும் நன்றாகத் துடைக்க வேண்டும். முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவ வேண்டும். சில நிமிடம் ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். பவுடர் நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அங்கேதான் கசிவு!

காரணம் பெரும்பாலும் சிறியது. போல்ட் தளர்ந்திருக்கும். கேஸ்கெட் சரியாக உட்கார்ந்திருக்காது. எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி, புது சீல் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும்.

கரையில் கண்டுபிடித்தால் செலவு குறைவு. நடுக்கடலில் எண்ணெய் வற்றினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். அங்கே மெக்கானிக் ஏது?