ஒரே நோய், ஆளுக்கொரு விதம்

மருத்துவமனையில் நெஞ்சு நோய்ப் பிரிவின் நாற்காலிகளில் இருவர் அருகருகே அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் மெலிந்தவர். இருமல் அதிகமில்லை, ஆனால் ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. மற்றவர் பருமனானவர். நடக்க முடிகிறது, ஆனால் காலையில் எழுந்ததும் சளியும் இருமலும் விடுவதில்லை. இருவரின் அட்டையிலும் எழுதப்பட்டிருப்பது ஒரே நோய்: நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சுருக்கமாக சி.ஓ.பி.டி.

"உங்களுக்கு எந்த மருந்து கொடுத்தார்கள்? எனக்கும் அதையே வாங்கிப் பார்க்கட்டுமா?" பேச்சு இப்படித் திரும்பும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

நுரையீரலுக்குள் நடப்பது என்ன?

இந்த நோய் இரண்டு வழிகளில் மூச்சை அடைக்கிறது. மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி கட்டுவது ஒரு வழி. காற்றை வாங்கிக்கொள்ளும் நுண்ணிய காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து போவது மற்றொன்று. பெரும்பாலோருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

சிகரெட் மட்டும்தானா?

சிகரெட்தான் முக்கியக் காரணம். ஆனாலும் ஒரு சிகரெட்கூடத் தொடாதவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. பல ஆண்டுகள் விறகடுப்புப் புகையில் சமைத்த பாட்டிமார், தூசியும் இரசாயனப் புகையும் சூழ்ந்த இடங்களில் வேலை செய்தவர்கள், சிறு வயதில் கடுமையான நுரையீரல் தொற்றுக்கு ஆளானவர்கள் ஆகியோருக்கும் அபாயம் உண்டு.

சிலருக்குப் பிறவியிலேயே காரணம் அமைந்துவிடுகிறது. நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் குறைவாக இருப்பவர்களுக்கு, நாற்பது வயதுக்குள்ளேயே காற்றறைகள் பழுதடையலாம். இந்தக் குறைபாட்டை 1963இல் சுவீடன் ஆய்வாளர்கள் லாரெலும் எரிக்சனும் வெளியிட்டனர்.

எண் மட்டும் போதாது

நோயை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் சோதனை. மூச்சை நன்றாக இழுத்து, வேகமாக முழுவதும் ஊத வேண்டும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், ஊதிய மொத்தக் காற்றில் முதல் விநாடியில் வெளியேறியது 70 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு உள்ளது என்று பொருள்.

ஆனால் ஒரே அளவு ஊதிய இருவர் ஒரே மாதிரி சிரமப்படுவதில்லை. ஒருவர் சந்தைக்குப் போய் வருவார். இன்னொருவர் குளிக்கவே திணறுவார். சிலருக்கு ஆண்டில் பல முறை நோய் திடீரென முற்றும். 2010இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, கடந்த ஆண்டில் அப்படி முற்றியவர்களுக்கே மீண்டும் முற்றும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. ஆகவே, போன ஆண்டு எத்தனை முறை மோசமானது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரத்தப் பரிசோதனையும் உதவுகிறது. இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 300க்கு மேல் இருந்தால், உறிஞ்சும் ஸ்டீராய்டு கூடுதல் பலன் தரலாம். 100க்குக் கீழே இருந்தால் பலன் குறைவு. ஸ்டீராய்டால் நிமோனியா வரும் அபாயமோ இருக்கவே செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்தை இரவல் வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

எல்லாருக்கும் பொதுவானவை

புகைப்பதை நிறுத்தினால் நுரையீரல் தேயும் வேகம் குறைகிறது. எந்த வயதிலும் இது தாமதமல்ல. சளிக்காய்ச்சல் தடுப்பூசி, மூச்சுப் பயிற்சியோடு சேர்ந்த உடற்பயிற்சி, மருந்தை உறிஞ்சும் சரியான முறை ஆகியவை அனைவருக்கும் தேவை. புகைமூட்ட நாள்களில் வீட்டுக்குள் இருப்பது நல்லது.

சளியின் நிறம் மாறினாலோ, வழக்கத்தைவிட மூச்சு இரைத்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். உதடு நீலம் பாரித்தால், பேச்சு குழறினால், அரைமயக்கமாக இருந்தால் காத்திருக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள்.

"அவருக்கும் இதே நோய்தானே, அவர் நடக்கவில்லையா?" என்று வீட்டிலுள்ள பெரியவரைக் கடிந்துகொள்ளும் முன் ஒரு கணம் யோசியுங்கள். நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம். அவர் படும் பாடு ஒன்றல்ல.